சின்ன போன் வேண்டும் என்பவர்கள் கேட்கும் கேள்விகள்: நெல்லைப் பக்கத்திலிருந்து சில பதில்கள்

உள்ளங்கைக்குள் அடங்கும் போனைத்தான் நான் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டுப் பாளையங்கோட்டை, டவுன், அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று பல ஊர்ச் சொந்தக்காரர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். பெரிய போன் மோசம் என்று சொல்வது என் நோக்கம் இல்லை. சின்ன போன் தேவைப்படுகிற ஆட்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். கடையில் அவர்களுக்குச் சரியான பதில் கிடைப்பதில்லை. அதற்காகத்தான் இது.

எத்தனை இன்ச் இருந்தால் சின்ன போன்?

இன்ச் கணக்கை விட்டுவிடுங்கள். திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளக்கிற கணக்கு அது. போன் கைக்குள் அடங்குமா என்பதை அது சொல்லாது.

2011-இல் சாம்சங் கேலக்ஸி நோட் வந்தபோது அதன் திரை 5.3 இன்ச். அகலம் ஏறக்குறைய 83 மி.மீ. இவ்வளவு பெரிய போனை எப்படிக் காதில் வைப்பது என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். 2020-இல் வந்த ஐபோன் 12 மினிக்குத் திரை 5.4 இன்ச், அதாவது நோட்டை விட ஒரு பொட்டு கூடுதல். ஆனால் அதன் அகலம் 64.2 மி.மீ.தான். திரையைச் சுற்றியிருந்த விளிம்பு மறைந்தது ஒரு காரணம், திரை ஒல்லியாக நீண்டது இன்னொரு காரணம். இதே கதைதான் 2020-இல் வந்த ஐபோன் எஸ்இயிலும். அதன் திரை 4.7 இன்ச், ஆனால் உடம்பு 67.3 மி.மீ. அகலம், 138.4 மி.மீ. உயரம். திரை பெரிதான மினி 131.5 மி.மீ. உயரத்தில் நின்றுவிட்டது.

அதனால் அகலத்தையும் எடையையும் கேளுங்கள். என் கணக்கு இப்படி: 68 மி.மீ.க்குள் இருந்தால் உண்மையிலேயே சின்னது. 72 மி.மீ. வரை ஒரு கையால் சமாளிக்கலாம். 75-ஐத் தாண்டினால் இரண்டாவது கை வேண்டும். எடை 170 கிராமுக்குள் இருந்தால் சட்டைப் பை தொங்காது. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன்: கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவின் அகலம் 79 மி.மீ., எடை 232 கிராம். ஐபோன் 13 மினி 141 கிராம்.

மெல்லிசாக இருந்தால் போதாதா?

போதாது. 2025-இல் வந்த ஐபோன் ஏர் 5.6 மி.மீ. கனம்தான், எடையும் 165 கிராம்தான். ஆனால் அகலம் 74.7 மி.மீ., உயரம் 156 மி.மீ. கட்டைவிரல் எட்ட வேண்டிய தூரம் குறையவில்லையே.

நம்ம ஊரில் இது யாருக்கு உபயோகப்படும்?

ஒரு கை எப்போதும் வேலையாக இருக்கிறவர்களுக்கு. இதை நான் முழு மனதோடு சொல்கிறேன், ஏனென்றால் போன் செய்கிற கம்பெனிகள் இவர்களை நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

பாபநாசம் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கை மேலே கம்பியைப் பிடித்திருக்கும். வீட்டிலிருந்து போன் வரும், அல்லது கண்டக்டருக்குச் சில்லறை இல்லாமல் ஸ்கேன் பண்ண வேண்டியிருக்கும். மிச்சமிருக்கிற ஒரு கையால் போனை எடுத்து, திறந்து, ரகசிய எண்ணைத் தட்டி முடிக்க வேண்டும். 79 மி.மீ. போனில் மேல் மூலையைத் தொட விரலை நீட்டும்போது பிடி தளரும். பஸ் பிரேக் போட்டால் போன் கீழே.

களக்காடு, ஏர்வாடி பக்கம் வாழை போட்டிருக்கிறவர்கள் காலையில் சாரத்தை (லுங்கியை) மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்குவார்கள். சாரத்துக்குப் பை கிடையாது. சட்டைப் பை, இல்லையென்றால் உள்ளே போட்டிருக்கிற பட்டாப்பட்டி டவுசர் பை. அந்தப் பையில் பெரிய போனைப் போட்டுக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்து பாருங்கள், தொடையில் குத்தும். ராதாபுரம், பணகுடி பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கிற தம்பிமார் ஏணியில் ஏற வேண்டியவர்கள். ஜிப் வைத்த பைக்குள் முழுதாக அடங்குகிற போன்தான் அவர்களுக்கு நிம்மதி.

பெண்களுக்கு இன்னும் அதிகமாகவே தேவை இருக்கிறது. சுடிதாரில் பை வைத்துத் தைப்பது இப்போதுதான் கொஞ்சம் வந்திருக்கிறது, அதுவும் ஆழம் இருக்காது. சேலையில் இடுப்பில் செருகுகிற அக்காமாரும், சின்ன மணிபர்சுக்குள் போனை வைக்கிற மதினிமாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இந்தப் பர்சுக்குள்ள போற மாதிரி நல்ல போன் ஒண்ணு சொல்லுங்க." ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிக் கூட்டத்தில் போனைக் கையில் பிடித்துக்கொண்டே நடக்க யாருக்கும் பிடிக்காது. பர்சுக்குள் போய், பர்ஸ் மூடினால் நல்லது.

முக்கூடல் பக்கம் மடியில் சுளவை வைத்துப் பீடி சுற்றுகிறவர்களுக்கு அளவு ஒரு விஷயமே இல்லை. போன் பக்கத்தில் தரையில் பாடிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு ஸ்பீக்கர் சத்தமாக இருக்க வேண்டும், சார்ஜ் நிற்க வேண்டும். பெரிய போனே வாங்கிக் கொள்ளட்டும்.

சட்டைப் பையில் வைத்துக் குனிந்தால் விழாதா?

விழும். எந்தப் போனும் விழும். ஆனால் பைக்கு வெளியே மூன்று விரல்கடை நீட்டிக்கொண்டிருக்கிற கனமான போன் சீக்கிரம் விழும். கடைக்குப் போகும்போது நீங்கள் அடிக்கடி போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு போங்கள், போனைப் பையில் வைத்துக் குனிந்து பாருங்கள். கடைக்காரர் தப்பாக நினைக்க மாட்டார்.

குறுக்குத்துறையிலோ பாபநாசத்திலோ குளிக்கப் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். தண்ணீர் புகாது என்று போட்டிருக்கிற ஐபி68 தகுதி, புதுப் போனைச் சோதனைக்கூடத்தில் நல்ல தண்ணீரில் வைத்துப் பார்த்தது. நாளாக நாளாக உள்ளே இருக்கிற ரப்பர், பசை எல்லாம் தளரும். தண்ணீரால் வந்த சேதத்துக்கு வழக்கமான வாரண்டியும் கிடையாது. பழைய போனாக வாங்கினால் அந்தத் தகுதியே இல்லை என்று நினைத்துக்கொண்டு வைத்திருப்பது நல்லது.

இவ்வளவு பேருக்குத் தேவையென்றால் கம்பெனிகள் ஏன் நிறுத்திவிட்டன?

விற்கவில்லை என்பதுதான் நேரான பதில். ஆப்பிள் 2020-இல் 12 மினியையும் 2021-இல் 13 மினியையும் கொண்டுவந்தது. 2022-இல் 14 வரிசை வந்தபோது மினி இருந்த இடத்தில் பெரிய திரை வைத்த பிளஸ் வந்தது. 2023 செப்டம்பரில் 13 மினி விற்பனையையும் நிறுத்தினார்கள். 2025 பிப்ரவரியில் எஸ்இயும் போய், 6.1 இன்ச் 16இ வந்தது. சோனி, பெரிய போனில் இருந்த அதே சிப்பைச் சின்ன உடம்பில் வைத்து 2014-இல் எக்ஸ்பீரியா இசட்1 காம்பாக்ட்டை விற்றது. எனக்கு அது இன்றைக்கும் மரியாதைக்குரிய முயற்சி. 2018-இல் எக்ஸ்இசட்2 காம்பாக்ட்டோடு அந்தப் பெயரும் போனது. அசுஸ் ஜென்ஃபோன் 10 வரை 5.9 இன்ச்சில் நின்றது, 2024-இல் 6.78 இன்ச் திரைக்கு மாறியது. பெபிள் கைக்கடிகாரத்தைத் தொடங்கிய எரிக் மிஜிகோவ்ஸ்கி 2022-இல் சின்ன ஆண்ட்ராய்டு போன் வேண்டும் என்று இணையத்தில் கையெழுத்தே திரட்டினார். அப்படியும் பெரிய கம்பெனி எதுவும் அசையவில்லை.

காரணங்களை யோசித்தால், சின்ன போனைச் செய்ய ஆகிற செலவு பெரிய போனுக்கு ஆவதை விட அப்படி ஒன்றும் குறைவதில்லை. சிப், கேமரா, சாஃப்ட்வேர் எல்லாம் அதேதான். ஆனால் வாங்குகிறவர் "இத்தனூண்டு போனுக்கு இவ்வளவு விலையா?" என்று கேட்பார். அப்புறம், நம் வீடுகளில் படம், சீரியல், கிரிக்கெட் எல்லாம் போனுக்குள் வந்துவிட்டது. பேட்டரியும் பெரிய உடம்பில் எளிதாகப் பெரிதாகும். இந்த மூன்றும் சேர்ந்து சின்ன போனை ஓரங்கட்டிவிட்டன.

பேட்டரி நிற்குமா? உண்மையைச் சொல்லுங்கள்.

சின்ன போனின் பெரிய குறை இதுதான், மறைப்பதில் அர்த்தமில்லை. 12 மினியில் 2,227 மில்லி ஆம்பியர்-மணி. 13 மினியில் 2,400-ஐ ஒட்டி. இன்றைய பெரிய போன்களில் 5,000 சாதாரணம்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. பேட்டரியின் ஆயுளை எத்தனை முறை முழுதாக ஏற்றி இறக்குகிறோம் என்பதை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு ஆப்பிள் சொல்கிற கணக்கு 500 முழுச் சுற்று. அதற்குப் பிறகும் 80 சதவீதம் தாங்கும்படி வடிவமைத்திருப்பதாகச் சொல்கிறது. சின்ன பேட்டரியைத் தினமும் முழுதாகக் காலி செய்தால் ஒன்றரை வருடத்துக்குள் அந்த 500 வந்துவிடும். பெரிய போனில் தினமும் பாதிதான் காலியாகும் என்றால் அதே 500 வர இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகும். அதனால் சின்ன போன் வாங்கும்போதே ஒரு முறை பேட்டரி மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நம்ம ஊர் வெயில். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. ஐபோனை 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தும்படிதான் ஆப்பிளே சொல்கிறது. சித்திரை வைகாசியில் நெல்லையில் அதைத் தாண்டாத நாளைத் தேட வேண்டும். பைக் ஹேண்டிலில் போனை மாட்டி மேப் பார்த்துக்கொண்டே மதியத்தில் ஓட்டுவதும், வெயிலில் நிறுத்திய காருக்குள் போனை விட்டுப் போவதும் பேட்டரியைத் தின்றுவிடும். சின்ன போனில் அந்த இழப்பு உடனே தெரியும்.

மலைப் பக்கம் போனால் இன்னொரு செலவு. மாஞ்சோலைப் பாதையிலும் காரையாறு பக்கமும் சிக்னல் விட்டுவிட்டு வரும். போன் கோபுரத்தைத் தேடிக்கொண்டே சார்ஜைக் கரைக்கும். அங்கே ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். ஊருக்குள்ளும் 5ஜி தடுமாறுகிற இடங்களில் 4ஜி என்று மாற்றி வைத்தால் வித்தியாசம் தெரியும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. சிலிக்கான் கார்பன் பேட்டரி வந்த பிறகு அதே இடத்தில் அதிகச் சார்ஜ் அடைக்கிறார்கள். 2025-இல் இந்தியாவில் வந்த ஒன்பிளஸ் 13எஸ் 71.7 மி.மீ. அகலத்தில் 5,850 மில்லி ஆம்பியர்-மணி வைத்திருக்கிறது. விவோ எக்ஸ்200 எஃப்இ ஏறக்குறைய அதே அளவில் 6,500. எடை மட்டும் இரண்டிலும் 185 கிராமைத் தொடுகிறது.

எனக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி. சின்னத் திரையில் படிக்க முடியுமா?

எழுத்தைப் பெரிதாக்கலாம், ஆனால் ஒரு வரியில் நிற்கிற சொற்கள் குறையும். தமிழுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும். நம் சொற்கள் நீளம், ஒற்றும் புள்ளியும் சுழியும் சின்ன எழுத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாட்ஸ்அப் செய்தி படிக்க, போன் பேச, பணம் அனுப்ப என்றால் தாராளமாகச் சமாளிக்கலாம். தினமும் முழு நாளிதழையும் போனிலேயே படிக்கிற மாமா, சித்தப்பா வயதுக்காரர்களுக்கு நான் சின்ன போனைச் சொல்ல மாட்டேன்.

தமிழ் டைப் பண்ணுவது கஷ்டமா?

எந்தக் கீபோர்டு என்பதைப் பொறுத்தது. தமிழ்99-இல் 12 உயிரும் 18 மெய்யும் ஆய்தமும் தனித்தனிக் கட்டைகளில் உட்காரும். ஆங்கில 26-ஐ விட அதிகம், அதனால் 64 மி.மீ. அகலத்தில் ஒவ்வொரு கட்டையும் ஒல்லியாகிவிடும். பெரிய கட்டைவிரல்காரர்களுக்குப் பக்கத்து எழுத்து விழும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றுகிற முறை சின்னத் திரைக்கு இன்னும் வசதி. பேசினால் எழுதுகிற வசதியும் தமிழுக்கு நன்றாகவே வந்துவிட்டது. நான் நீளமாக எழுத வேண்டியதைக் கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறேன்.

வீட்டில் ஒரே ஒரு போன்தான். அதைச் சின்னதாக வாங்கலாமா?

வேண்டாம். பிள்ளைகள் வீட்டுப்பாடம் பார்க்க, ஆச்சி பேரனை வீடியோ காலில் பார்க்க, எல்லாம் அந்த ஒரே போனில் என்றால் பெரிய திரைதான் நியாயம். வீட்டில் டிவியோ, டேப்லெட்டோ, இன்னொரு பெரிய போனோ இருக்கிறவர் தன் சொந்த உபயோகத்துக்கு வாங்குவதுதான் சின்ன போன்.

புதிதாகக் கடையில் வாங்க இப்போது என்ன இருக்கிறது?

மினி அளவில் பெரிய கம்பெனி போன் எதுவும் இல்லை. நடுத்தரம்தான் இருக்கிறது. அதில் நான் முதலில் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்வது சாம்சங் கேலக்ஸி எஸ்25: 70.5 மி.மீ. அகலம், 162 கிராம், ஏழு வருடம் அப்டேட் தருவதாகக் கம்பெனி சொல்லியிருக்கிறது. ஐபோன் 16 71.6 மி.மீ., 170 கிராம். ஒன்பிளஸ் 13எஸ், விவோ எக்ஸ்200 எஃப்இ பற்றி மேலேயே சொன்னேன். பேட்டரிதான் முக்கியம் என்றால் அவை. யூனிஹெர்ட்ஸ் ஜெல்லி என்று 3 இன்ச் திரையில் தீப்பெட்டி மாதிரி ஒன்று வெளிநாட்டில் விற்கிறார்கள். தினசரி உபயோகத்துக்கு அதை நான் பரிந்துரைக்கவில்லை.

பழைய போன் வாங்கலாமா?

உண்மையான சின்ன போன் வேண்டுமென்றால் வேறு வழியில்லை. ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் அப்டேட். 12 மினி, 13 மினி, 2020-க்குப் பிறகு வந்த எஸ்இக்கள் எல்லாம் ஐபோன் சாஃப்ட்வேரான ஐஓஎஸ் 26 வரை வந்திருக்கின்றன. 2016-இல் வந்த முதல் எஸ்இ, 113 கிராம், அவ்வளவு அழகான போன், ஐஓஎஸ் 15-இல் நின்றுவிட்டது. ஆண்ட்ராய்டில் கேலக்ஸி எஸ்10இ எனக்கு மிகவும் பிடித்த வடிவம்: 69.9 மி.மீ., 150 கிராம், கைரேகை பக்கவாட்டில், இயர்போன் துளையும் உண்டு. ஆனால் அது ஆண்ட்ராய்டு 12-ஓடு நின்றது. பணம் அனுப்புகிற போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் வேண்டும், அதனால் பாட்டு கேட்க மட்டும் என்றால் வாங்குங்கள். பிக்சல் 4ஏ வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 2025 ஜனவரியில் வந்த ஒரு அப்டேட் சில 4ஏ போன்களின் பேட்டரிக் கொள்ளளவைக் குறைத்தது.

அடுத்து வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகவே அழைப்புப் பேசுகிற வசதி. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. வோல்ட்டி இல்லாத பழைய போனில் ஜியோ சிம் போட்டால் சாதாரண அழைப்புப் பேச முடியாது.

அப்புறம் *#06# அடித்தால் ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கிற ஐஎம்இஐ எண் வரும். அதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பார்த்தால் திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதா என்பது தெரியும். ஐபோன் என்றால் பழைய சொந்தக்காரர் தன் ஆப்பிள் கணக்கை உங்கள் கண் முன்னால் வெளியே எடுக்க வேண்டும். "வீட்ல போய் எடுத்து விட்டுருதேன் அண்ணாச்சி" என்று சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மடக்குகிற ஃபிளிப் போன்?

மடக்கினால் உயரம் பாதி. கேலக்ஸி இசட் ஃபிளிப்6 மடக்கினால் 85 மி.மீ. உயரம்தான், ஆனால் கனம் 15 மி.மீ.யை ஒட்டி, எடை 187 கிராம். சேலை இடுப்புக்கும் மணிபர்சுக்கும் பொருந்தும். நம்ம பக்கத்துக்கு எனக்கிருக்கிற கவலை மணல். அதன் தகுதி ஐபி48. அதில் 4 என்றால் ஒரு மில்லிமீட்டரை விடப் பெரிய துகளைத்தான் தடுக்கும். உவரி கடற்கரை மணலும் தேரிக்காட்டுச் செம்மணலும் அதை விடப் பொடி. கீலுக்குள் போனால் எடுப்பது கஷ்டம்.

கவர் போடலாமா?

மெல்லிய கவர் போடுங்கள். தடித்த கவர் இரண்டு பக்கமும் சேர்த்து நாலைந்து மி.மீ. கூட்டிவிடும், சின்ன போன் வாங்கியதே வீணாகும்.

பட்டன் போனே போதாதா?

சிலருக்குப் போதும். 2022-இல் வந்த யுபிஐ 123பே மூலம் பட்டன் போனிலும் பணம் அனுப்பலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் வெளியூர்ப் பிள்ளைகளோடு பேசவும், மேப் பார்க்கவும் வேண்டும் என்றால் சின்ன ஸ்மார்ட்போன்தான்.

கையில் இருக்கிற பெரிய போனையே ஒரு கையால் பயன்படுத்த வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஐபோனில் 2014 முதல், ஆண்ட்ராய்டில் 12-ஆம் பதிப்பு முதல், திரையைக் கீழே இறக்குகிற வசதி செட்டிங்ஸில் உண்டு. கீபோர்டை ஒரு பக்கம் ஒதுக்கவும் முடியும். விரல் எட்டும், ஆனால் எடை குறையாது.

டிஸ்பிளே உடைந்தால் நம்ம ஊரில் மாற்ற முடியுமா?

வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. சர்வீஸ் கடையில் அதிகம் ஓடுகிற மாடலின் டிஸ்பிளேதான் கையில் இருக்கும். குறைவாக விற்ற மினிக்குப் பெரும்பாலும் சொல்லித்தான் வரவழைப்பார்கள். ஒரிஜினலா, வேறா என்று விலையோடு சேர்த்துக் கேளுங்கள். மினியில் வேறு டிஸ்பிளே போட்டால் செட்டிங்ஸிலேயே அறிவிப்பு காட்டும், பிறகு விற்கும்போது அது விலையைக் குறைக்கும். பார்சல் வருகிற வரை சமாளிக்கப் பட்டன் போன் ஒன்றை வீட்டில் வைத்திருங்கள், ஓடிபி, அழைப்பு எல்லாம் அதில் வரும். பல பட்டன் போன்களின் சிம் துளை பெரிது, ஸ்மார்ட்போனின் நானோ சிம் அப்படியே நிற்காது. சிம் அடாப்டர் ஒன்றையும் சேர்த்து வாங்கி வையுங்கள்.